கழுத்திலிருந்து கழற்றிய துப்பாக்கி

ரிவால்வரைக் கையில் வாங்கியதும் ஓக்னியென் முதலில் அதை முகர்ந்து பார்த்தான். சந்தையில் மீன் வாங்குகிறவனைப் போல அவன் மூக்கருகே கொண்டுபோனது ஸ்தானாவுக்குப் பிடிக்கவில்லை. மடியிலிருந்த கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, நாற்காலியின் முதுகில் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். தலைநகர் போட்கொரிட்சாவின் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே இருந்த அந்தக் கடையில் இப்போது இல்லாத நாடுகளின் பதக்கங்கள், அந்துப்பூச்சி அரித்த ராணுவத் தொப்பிகள், யாருடையவென்றே தெரியாத குடும்பப் படங்கள் எல்லாம் விலைச்சீட்டோடு கிடந்தன. செத்தவர்களின் வீட்டை வழித்தெடுத்துக் கொட்டி வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ஆள் மரியாதை தெரிந்தவனாகத்தான் இருந்தான். அவள் உள்ளே வந்ததும் எழுந்து நின்று, காபி வைக்கட்டுமா என்று கேட்டிருந்தான்.

"இதை எங்கே வாங்கினது பெரியம்மா?"

"வாங்கலை. வீட்டுல இருந்தது. பழசா இல்லையான்னு சொல்லு, சொன்னதை எழுதிக் குடு. எங்க ஊர் ஸ்டேஷன்ல கேக்கறாங்க."

வீடுகளில் கிடக்கும் துப்பாக்கிகளையெல்லாம் ஒப்படைக்க வேண்டும், மொத்தமாக உருக்கப்போகிறோம் என்று அந்த வசந்தத்தில் அரசாங்கம் சொல்லியிருந்தது. ஊர்க்காரர்கள் நல்லதைப் பரணில் ஒளித்துவிட்டு ஓட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஸ்தானாவுக்கு ஒளிக்கத் தெரியாது. அவள் வீட்டுத் துப்பாக்கி சுவரில் ஆணியில் தொங்குவது ஊருக்கே தெரியும். காவல் நிலையத்துப் பையன் அவள்மேல் இரக்கப்பட்டு, பழம்பொருள் என்று ஒரு வியாபாரியிடம் சீட்டு வாங்கி வந்தால் சுவரிலேயே விட்டுவிடலாம் என்று வழி சொல்லியிருந்தான்.

ஓக்னியென் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கைக் கீழே இழுத்தான். கைப்பிடியில் பதித்த எலும்பைத் தடவினான். குழலின் பக்கவாட்டில் தேய்ந்துபோன முத்திரையை நகத்தால் சுரண்டினான். பின்னாலிருந்த சுத்தியை மெல்ல இழுத்துப் பார்த்தான். பிறகு உருளையைச் சுழற்ற முயன்றான், அது சுழலவில்லை. அவன் உதடு ஒருபக்கம் கோணியது.

"லெவோர்தான், நம்ம மலைக்காரங்க ராஜா காலத்து ரிவால்வர். ஆனா வியன்னாவுல செஞ்சது இல்லை. பெல்ஜியத்துப் போலி. அதுலயும் நல்லது உண்டு, இதை அதுலயும் சேர்க்க முடியாது. யாராவது உங்ககிட்ட இது பெரிய சாமான்னு சொன்னாங்களா?"

"இது ஒரு ஆளைக் கொன்னிருக்கு" என்றாள் ஸ்தானா.

"யாரை?"

"எங்கப்பாவை."

அவன் ரிவால்வரைச் சத்தம் வராமல் பச்சைத் துணியின்மேல் வைத்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறான் என்பது தெரிந்தது.

"பெரியம்மா, தப்பா நினைக்காதீங்க. இது யாரையும் கொன்னிருக்க முடியாது."

"நீ அப்போ பொறக்கவே இல்லை."

"நான் பொறக்கலை. இது அதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு. இங்கே பாருங்க, சுத்திக்கு மூக்கு இல்லை. மூக்கு போய்க் குத்தினாத்தான் குண்டு வெடிக்கும்."

"அப்புறமா உடைஞ்சிருக்கும்."

"சரி, இதைப் பாருங்க. உருளை வேற ஏதோ துப்பாக்கியோடது. ஓட்டை குழலுக்கு நேரா நிக்கலை. குண்டு போட்டாலும் வெளியே வர வழி இல்லை. இந்தத் திருகாணி மேல கட்டியிருக்கிற துருவைப் பாருங்க. ராஜா காலத்துல எவனோ முறுக்கினது, அதுக்கப்புறம் ஒருத்தனும் தொடலை." அவன் குரலைத் தாழ்த்தினான். "ராஜா சட்டம் போட்டாருல்ல, ஆம்பளைன்னா இடுப்புல லெவோர் இருக்கணும்னு. காசு இல்லாதவன் என்ன பண்ணுவான்? உடைஞ்சதை வாங்கி, பாக்கறதுக்கு முழுசா இருக்கிற மாதிரி பண்ணிச் செருகிக்கிட்டான். கல்யாணத்துக்கு, படம் புடிக்கறதுக்கு. இது அந்த ஜாதி. காக்கா கூட இதுக்குப் பயப்படாது."

காபியின்மேல் ஏடு படிந்திருந்தது. ஸ்தானா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு நல்லதுதான்" என்றான் அவன், தேறுதலாக. "சுடவே முடியாத இரும்பு, வெறும் அலங்காரம்னு எழுதித் தர்றேன். ஒருத்தனும் கேக்க மாட்டான். விலைன்னு கேட்டா விலை இல்லை. இந்தத் தோல் வாருக்கு வேணா ஏதாவது தரலாம்."

அவன் பேனாவை எடுத்ததும் அவள் கையை நீட்டி அந்தக் காகிதத்தின்மேல் வைத்தாள்.

"எழுதாதே."

"எழுதலைன்னா உருக்கிடுவாங்களே!"

"எழுதாதேன்னு சொல்றேன்ல!" என்றாள். கம்பளித் துணியில் துப்பாக்கியைச் சுற்றினாள். ஏன் வேண்டாம் என்கிறாள் என்று அவளுக்கே அப்போது முழுதாகத் தெரியாது. அவள் ஊர் காவல் நிலையத்துக்கு ஒரு காகிதம் போனால் சாயங்காலத்துக்குள் மதுக்கடை மேசைவரை வந்துவிடும், அது மட்டும் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மலைக்குத் திரும்பும் பேருந்தில் துப்பாக்கி அவள் மடியில் கிடந்தது. பிறந்ததிலிருந்து அந்தப் பாரம் அவளுக்குப் பழக்கம் என்றுகூடச் சொல்லலாம். அப்பா மிர்ச்செட்டாவை அவள் பார்த்ததாக நினைவில்லை. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, மேய்ச்சல் நிலத்துத் தண்ணீர்த் தொட்டி யாருடையது என்ற தகராறில், பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறத்து வீட்டைச் சேர்ந்த யாரோ ஜூனிப்பர் புதருக்குள் மறைந்திருந்து அவரைச் சுட்டார்கள். அந்த வீட்டு மூத்த மகன் விதோயே மறுநாள் தானே நடந்துபோய், நான்தான் சுட்டேன், துப்பாக்கியை ஆற்றில் வீசிவிட்டேன் என்று போலீசில் சொன்னான். அப்போது அவனுக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. எட்டு வருஷம் உள்ளே இருந்தான். அவன் வெளியே வரும் நாளுக்காக மிர்ச்செட்டாவின் சித்தப்பா மகன்கள் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரத்தத்துக்கு ரத்தம் என்று தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று பெரியவர்கள் இரண்டு பக்கமும் நடந்து, கெஞ்சி, கடைசியில் சமாதானத்துக்கு நாள் குறித்தார்கள். அரசாங்கத்துக்குத் தெரியாமல்தான். பழைய வழக்கங்களெல்லாம் கூடாது என்றிருந்த காலம் அது.

அந்த நாள் அவளுக்கு ஒன்று விடாமல் நினைவிருந்தது. அப்போதுதான் அறுத்து முடித்த புல்வெளி, தாள்கள் காலில் குத்தும். எதிர்வரிசையிலிருந்து விதோயே தலையில் தொப்பியில்லாமல், வெறுங்காலோடு, நான்கு காலில் ஊர்ந்து வந்தான். கழுத்தில் தோல் வாரில் அந்த ரிவால்வர் தொங்கியது. "கடவுள் பேராலயும் புனித யோவான் பேராலயும் ஏத்துக்கங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். செத்தவன் வீட்டு ஆண்மகன் ஒருவன் முன்னே போய்த் துப்பாக்கியைக் கழற்றி, அவனைத் தூக்கி நிறுத்தி முத்தமிட வேண்டும். செத்தவன் வீட்டில் ஆண்மகன் இல்லை. நாலும் பெண். நாலாவது பிறந்தபோது 'நில், இத்தோடு போதும்' என்ற பொருளில்தான் ஸ்தானா என்றே பெயர் வைத்திருந்தார்கள். சித்தப்பா மகன் ஒருவன் முன்னே அடியெடுத்து வைத்தான். அம்மா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "இந்த வீட்டு ரத்தம் இதுதான்" என்று ஸ்தானாவின் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

அவள் போனாள். அவன் கழுத்து வியர்த்திருந்தது. வார் அவன் காதில் மாட்டிக்கொண்டது. அவள் இழுத்தபோது அவனுக்கு வலித்திருக்கும், அவன் அசையவில்லை. துப்பாக்கி அவள் நினைத்ததைவிட கனமாக இருந்ததால் கையிலிருந்து நழுவப் பார்த்தது. சொல்லிக்கொடுத்திருந்தபடி "எழுந்திரு, இனி நீ எங்களுக்குக் கூம்" என்றாள். கூம் என்றால் ஞானஸ்நானத்தால் வரும் உறவு, ரத்த உறவைவிட ஒரு படி மேல்; பெண்ணென்றால் கூமா. அவன் எழுந்தான். முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்தது. அவள் எக்கி அவன் கன்னத்தில் முத்தமிட்டாள், உப்புக் கரித்தது. பெரியவர்கள் அழுதார்கள். சமாதானத்துக்கு வந்த துப்பாக்கியைத் திறந்து பார்ப்பது, குழலுக்குள் எட்டிப் பார்ப்பது எல்லாம் இரு வீட்டுக்கும் அவமானம். ஆகவே ஒருவரும் பார்க்கவில்லை. ஆற்றில் வீசினேன் என்று போலீசை ஏய்த்துவிட்டு, இத்தனை வருஷம் ஒளித்து வைத்து, இந்த நாளுக்கென்று வெளியே எடுத்தார்கள் பார், அதுதான் மானமுள்ள வீடு என்று ஊரே புகழ்ந்தது. துப்பாக்கி ஸ்தானாவின் வீட்டுச் சுவரில் ஏறியது.

அதன்பிறகு விதோயே ஒவ்வொரு வருஷமும் வந்து அவர்களுடைய புல்லை அறுத்தான். யாரும் கேட்கவில்லை. ஆண் இல்லாத வீடு. புல் அறுக்காவிட்டால் பனிக்காலத்தில் மாடு சாகும். ஸ்தானா பிற்பாடு பிளாகோட்டாவை வீட்டோடு மாப்பிள்ளையாகக் கொண்டுவந்தாள். அவன் நல்லவன், ஆனால் நெஞ்சு பலவீனம், பத்து வீச்சு அரிவாளை வீசினால் உட்கார்ந்துவிடுவான். அதனால் அப்போதும் விதோயேதான் அறுத்தான். விடியுமுன் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறி வருவான். அவன் அறுத்த நிலம் சீவிய தலைபோல வரிவரியாகக் கிடக்கும். வீட்டுப் புனிதர் நாளில் கூம் என்ற முறையில் மேசையின் தலைமாட்டில் அவனுக்கு இடம். ஸ்தானா முறையில் ஒன்றும் குறை வைக்கவில்லை. முதல் ரக்கியாச் சாராயம் அவனுக்கு, முதல் துண்டு இறைச்சி அவனுக்கு. ஆனால் எதையும் அவன் கையில் கொடுத்ததில்லை. கோப்பையை மேசையில் வைப்பாள், அவன் எடுத்துக்கொள்வான். புல்வெளியில் தண்ணீர்க் குடத்தைக் கல்லின்மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடப்பாள். கூம் என்றும் கூப்பிட்டதில்லை, அண்ணே என்றும் இல்லை, மொட்டையாகவே பேசினாள். அவனுக்கென்று அவள் போடும் நாற்காலி, ஆணியில் தொங்கும் துப்பாக்கிக்கு நேர் எதிரே இருக்கும். அவன் சாப்பிடும்போது அதைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். அதில் அவளுக்கு ஒரு நிறைவு இருந்தது. அவன் நாற்காலியை நகர்த்தியதில்லை.

பேருந்து வளைவில் திரும்பியபோது துப்பாக்கி மடியிலிருந்து சரிந்தது. பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் கோபம் வந்தது. எப்படி ஏமாற்றியிருக்கிறார்கள்! நல்ல துப்பாக்கியைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டு, பரணில் கிடந்த ஓட்டையைக் கழுத்தில் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அவள் அப்பாவின் உயிருக்கு ஈடாக ஒரு படம் பிடிக்கிற பொம்மை. அதற்கு முன்னால் அவள் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். சாகும் நாள்வரை அம்மா அதைத் துடைத்திருக்கிறாள். வீட்டுக்குப் போனதும் அவள் சாப்பிடவில்லை. வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை பள்ளத்தாக்கில் இறங்கினாள். முழங்கால் வலிக்கு இறக்கம் எமன். அந்த வீட்டுக்கு அவள் போனது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான். எப்போதும் அவன்தான் வருவான். இரண்டு வருஷமாக அவன் படுக்கையில். புல்லைக் கூலிக்காரர்கள் இயந்திரம் வைத்து அறுக்கிறார்கள், எங்கும் திட்டுத் திட்டாக விட்டுவிட்டுப் போகிறார்கள்.

வாசலில் அவன் மருமகள் ஸோர்க்கா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கிழவியைப் பார்த்ததும் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"வாங்க, வாங்க. நீங்க இவ்வளவு தூரம் இறங்கி வரணுமா? சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே. மாமா நேத்துகூட உங்களைக் கேட்டாரு. டாக்டர் இனிமே வர்றதில்லைன்னுட்டாரு, பாதிரியாரைத்தான் கூப்பிடச் சொல்றாரு."

"பேசுவாரா?"

"பேச்சுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. சூப்புல உப்பு இல்லைன்னு காலையில என்னைத் திட்டினாரு."

விதோயே ஜன்னலோரக் கட்டிலில் மூன்று தலையணை சாய்த்துப் படுத்திருந்தான். பெரிய உடம்பு வற்றி, கைகள் மட்டும் பழைய அளவிலேயே போர்வையின்மேல் கிடந்தன. ஜன்னலில் எதிர்ச்சரிவு தெரிந்தது. அவளுடைய புல்வெளி முழுதும் அதில் தெரிந்தது.

"கூமா" என்றான். "உன் நிலத்தை எந்தக் குருடன் அறுத்தான்? மேல் மூலையில ஆட்டுத் தாடி மாதிரி விட்டிருக்கான். இங்கிருந்து பாக்கச் சகிக்கலை."

அவள் கதவைச் சாத்தினாள். கம்பளித் துணியை அவிழ்த்து, ரிவால்வரை அவன் வயிற்றின்மேல் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"போட்கொரிட்சாவுல காட்டினேன். இது ராஜா காலத்துலயே செத்ததாம். காக்காகூடப் பயப்படாதாம்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வாய் லேசாக அசைந்தது. சிரிக்கிறானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்து, உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"நல்ல துப்பாக்கியை வீட்டுல வச்சுக்கிட்டு, குப்பையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வந்தீங்களே, எங்கப்பா உசுரு அவ்வளவு மட்டமா? சின்னப் பொண்ணு கையில குடுத்து ஏமாத்துறதுக்கு வெக்கமா இல்லை?"

"நல்லது வீட்டுல இல்லை" என்றான் அவன். "அது ஆத்துலதான் கிடக்கு. போலீசுல சொன்னது நிசம். பெரியவங்க, துப்பாக்கி இல்லாம ஊர்ந்தா சமாதானம் ஆகாதுன்னுட்டாங்க. தாத்தா படம் புடிக்கறதுக்கு வாங்கின சனியன் ஒண்ணு பரண்ல கிடந்துச்சு. அதை மாட்டிக்கிட்டேன். யாரும் திறந்து பாக்க மாட்டாங்கன்னு தெரியும்."

"ஆத்துல வீசினது யாரு?"

அவன் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான்.

"நீயா வீசினே? எந்த இடத்துல நின்னு வீசினே, சொல்லு."

சமாதான நாளுக்குப் பிறகு முதல்முறையாகத் தான் அவனை 'நீ' என்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான். கொஞ்ச நேரம் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருப்பவன் போலக் கிடந்தான்.

"எனக்கு எப்படித் தெரியும் எந்த இடம்னு? நான் அன்னிக்கு நிக்ஷிச் சந்தைக்குக் கன்னுக்குட்டி விக்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது சின்னவன் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தான். பல்லு தந்தியடிக்குது. கால்சட்டையை நனைச்சிருந்தான். பதினாலு வயசு, கூமா. எங்கப்பாவை உங்கப்பா தொட்டிக்கிட்ட வச்சு அடிச்சதை அவன் பாத்திருக்கான். தாத்தாவோட இன்னொரு லெவோரைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான்."

"கிர்ஸ்தோ" என்றாள் அவள்.

விதோயேயின் தம்பி கிர்ஸ்தோ. சமாதானம் ஆன மறுவருஷமே ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியவன். வேலைக்குப் போனான் என்றார்கள். தாய் செத்தபோதுகூட வரவில்லை, நன்றி கெட்டவன் என்று ஊர் பேசியது. போன கோடையில் அவனுடைய பேரன் ஒருவன் ஊர் பார்க்க வந்தான். சிவந்த முகம், ஊர்ப் பேச்சு அரைகுறை. ஸ்தானாவின் வீட்டுக்கும் வந்து, அவள் கையால் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்ததைத் தின்றுவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டு போனான்.

"அம்மா என்னைப் பாத்தா" என்றான் விதோயே. "ஒண்ணும் சொல்லலை. பாத்தா, அவ்வளவுதான். அவனைக் குடுத்தா உங்கப்பாவோட சித்தப்பா மகன்க ஒரு வாரம் விட்டு வச்சிருப்பாங்களா? நான் கொஞ்சம் தாங்குவேன்னு நினைச்சேன். தாங்கினேன்."

ஸ்தானா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டாள். கல்லின்மேல் வைத்த தண்ணீர்க்குடம் நினைவுக்கு வந்தது. துப்பாக்கிக்கு நேராகப் போட்ட நாற்காலி நினைவுக்கு வந்தது. தவறே செய்யாதவனை ஒரு ஆயுள் முழுக்க உட்கார வைத்துத் தண்டித்திருக்கிறாள். அவன் நகர்த்தாமல் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்.

"ஏன் சொல்லலை? அம்மா செத்தப்புறம் சொல்லியிருக்கலாம். பிளாகோட்டா போனப்புறம் சொல்லியிருக்கலாம்."

"சொல்லி? ஊர்ந்தவன் நான். ஊர்ந்தவன்தான் சுட்டவன். பெரியவங்க முன்னாடி, சிலுவை முன்னாடி அப்படித்தான் முடிவாச்சு. சுட்டவன் ஊரலைன்னு இன்னிக்கு நீ சொன்னா, அன்னிக்கு ஆனது சமாதானமே இல்லை. ரத்தம் திறந்தபடியே கிடக்கும். அந்தச் சித்தப்பா மகன்களோட பேரன்க இப்போ மதுக்கடையில உட்கார்ந்து சும்மாத்தான் இருக்கானுங்க, வேலை வெட்டி இல்லை. அவனுங்களுக்கு ஒரு காரணம் வேணும். அந்தப் பையன் அடுத்த கோடைக்கும் வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்." மூச்சு வாங்கினான். "நீ அவன் கையில ரொட்டி குடுத்தியாமே. ஸோர்க்கா சொன்னா. வெண்ணெய் வேற தடவினியாம்."

அவன் குற்றம் சொல்லவில்லை. எனக்கும் தெரியும் என்பதுபோலத்தான் சொன்னான். அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் எல்லாருக்கும் சொல்லப்போறேன்" என்றாள். "நீ கொலைகாரனா குழிக்குள்ள போகக் கூடாது."

"போயாச்சே கூமா, பாதி வழி. நீ வாயை மூடிக்கிட்டு இரு."

"நாளைக்கு உன் பெட்டி முன்னாடி நான்தான் ஒப்பாரி வைக்கணும். கூமா இருந்துக்கிட்டு வைக்காம இருக்க முடியாது. ஊரே காதைத் தீட்டிக்கிட்டு நிக்கும். செத்தவன் என்ன செஞ்சான்னு பாடணும். நான் என்னன்னு பாடுவேன்? சொல்லு, என்னன்னு பாடுவேன்?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. பிறகு ஜன்னலுக்கு வெளியே, எதிர்ச்சரிவில் திட்டுத் திட்டாக நின்ற புல்லைப் பார்த்தான்.

"புல்லு அறுத்தான்னு பாடு" என்றான். "நல்லா அறுத்தான்னு பாடு. அது பொய் இல்லை."

வெளியே ஸோர்க்கா பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஸ்தானா ரிவால்வரை அவன் வயிற்றின்மேலிருந்து எடுத்தாள். போட்கொரிட்சாக்காரன் விலை இல்லை என்றான். ஒருவகையில் சரியாகத்தான் சொன்னான் என்று அவளுக்குத் தோன்றியது. எட்டு வருஷச் சிறையும், ஒரு தம்பியும், ஒரு மலைச்சரிவுப் புல்லும் இதற்குப் போயிருக்கின்றன, இதற்கு யார் விலை சொல்ல முடியும்? சீட்டு வாங்கிச் சுவரில் மாட்டினால் சீட்டில் உள்ளதை ஊர் படிக்கும். சீட்டு இல்லாவிட்டால் நெருப்புக்குப் போகும். அப்பா உயிருக்கு ஈடாகத் தனக்கு வாய்த்த ஒரே நியாயத்தைத் தானே கொண்டுபோய் அடுப்பில் போட வேண்டும் என்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்கு ஸ்டேஷன்ல குடுத்துடறேன்" என்றாள்.

"குடுத்துடு. நல்ல இரும்புகூட இல்லை. லாடத்துக்குக்கூட ஆகாது."

அவள் போகவில்லை. தோல் வாரை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதைத் தன் தலை வழியாகப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். துப்பாக்கி அவள் மார்பில் இடித்து ஆடியது. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கினாள். முதலில் நல்ல முழங்கால், அப்புறம் கெட்ட முழங்கால். பலகைத் தரை குளிர்ந்திருந்தது. உயிர் போகிற வலி.

"என்ன பண்றே?" என்றான் அவன். "ஏய், கூமா, எந்திரி. உனக்கென்ன பைத்தியமா? ஸோர்க்கா வந்தா என்ன நினைப்பா?"

அவள் தலையைக் குனிந்தாள். கறுப்புத் தலைத்துணி அவன் கைக்குப் பக்கத்தில் வந்தது.

"கடவுள் பேராலயும் புனித யோவான் பேராலயும் ஏத்துக்க" என்றாள். குரல் உடைந்தது. "ஏத்துக்க, கூம்."

மேலே வெகுநேரம் மூச்சின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெரிய கை போர்வையிலிருந்து எழும்பி வந்து அவள் கழுத்தைத் தொட்டது. வாரைத் தேடியது. பிடித்தது, நழுவவிட்டது, மறுபடி பிடித்தது. தூக்கப் பார்த்தான். அவள் தலைத்துணியின் முடிச்சில் வார் மாட்டிக்கொண்டது. இழுத்தபோது காதோரம் மயிர் பறிந்து வலித்தது. அவள் அசையவில்லை. அவனுக்குத் துப்பாக்கியின் கனத்தைத் தூக்கத் தெம்பில்லை; ஒரு விரற்கடை எழும்பிய வார் திரும்ப அவள் பிடரியில் இறங்கியது. அவள் கை கொடுக்கவில்லை. அவன் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து முடிச்சைத் தடவத் தொடங்கினான்.